மடைக்கல்லில் போட்ட கோடு

பிள்ளைகளைச் செயல்திட்டம் செய்யவைக்க நினைக்கும் ஆசிரியரிடம் முதலில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதற்குப் பதில் அவருக்கே தெரிந்திருக்கக் கூடாது. சிவகங்கைச் சீமையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக வேலை பார்த்த காலமெல்லாம் நான் கற்றுக்கொண்டதில் தலையாயது இதுதான். சொல்ல எளிது; செய்யப்போனால் வயிற்றைக் கலக்கும். பாடக்குறிப்பு எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, இந்தப் பீரியடில் இது முடியும், அடுத்த பீரியடில் அது முடியும் என்று வகுத்துக்கொண்டு போய்ப் பழகியவர்கள் நாங்கள். பிள்ளை கேட்ட கேள்விக்கு டீச்சரிடம் பதில் இல்லையென்றால் மரியாதை போய்விடும் என்ற பயம், பயிற்சிக் கல்லூரியிலிருந்தே எங்களுக்குள் ஊறிக்கிடக்கிறது. அந்தப் பயத்தைப் பேச்சால் போக்க முடியாது.

2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரைக்கும் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண், வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த 40-இல் பாதி, செயல்பாடுகளுக்கும் செயல்திட்டங்களுக்கும். நல்ல நோக்கம்தான், பிள்ளை கையால் செய்வதற்கும் மதிப்பெண் உண்டு என்று அரசாணையே சொன்னது. ஆனால் அடுத்த மாதமே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ‘நீர் மாசு’, ‘காடுகள்’, ‘தேசியத் தலைவர்கள்’ என்று தலைப்புவாரியாகப் படத்தாள் தொங்கத் தொடங்கியது. பிள்ளை அதை வாங்கி வெட்டிச் சார்ட்டில் ஒட்டும். வீட்டில் படித்த அக்கா இருந்தால் ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு எழுதித் தருவாள். சுவரில் மாட்டினால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. சொந்தமாக ஒரு கேள்வி எழுப்பி, அளந்து, குறித்துவைத்து, பதில் தேடிப் பார்த்த அனுபவம் எங்களில் பெரும்பாலோருக்குப் பள்ளியிலும் கிடைக்கவில்லை, கல்லூரியிலும் கிடைக்கவில்லை, பி.எட்.டிலும் கிடைக்கவில்லை. தான் செய்து பார்க்காத ஒன்றை அடுத்தவருக்கு எப்படிக் கற்றுக்கொடுக்க முடியும்?

எனக்கு அந்த அனுபவத்தைக் கொடுத்தது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடந்துவரும் மாநாடு இது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள், தங்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு ஆராய்ந்து, கண்டதை எடுத்துச் சொல்ல வேண்டும்; தங்கள் தாய்மொழியிலேயே சொல்லலாம். மாவட்டம், மாநிலம் என்று தேறிப் போகிறவர்கள், அப்போதெல்லாம் டிசம்பர் கடைசியில் நடந்த தேசிய மாநாட்டுக்குப் போவார்கள். தமிழ்நாட்டில் இதை ஒருங்கிணைத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். வழிகாட்டி ஆசிரியர்களுக்கு அவர்கள் நடத்திய பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் செய்ய வேண்டியதை முதலில் ஆசிரியர்களையே செய்யச் சொல்வார்கள். ஐந்து பேர் ஒரு குழுவாகி, அந்தக் கூடத்தைச் சுற்றியே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, சாயங்காலத்துக்குள் ஏதாவது அளந்து வந்து சொல்ல வேண்டும். அரசுப் பயிற்சிகளில் பவர்பாயிண்ட் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது புதிது. நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் மரத்தடியில் நின்றுகொண்டு, எறும்புப் புற்றுகளை எண்ணுவது எப்படி என்று மல்லுக்கட்டியதை நான் மறக்கவே மாட்டேன். ‘நீர் மாசு’ என்று தலைப்பு எழுதிக் கொண்டுபோனால், ‘எந்தத் தண்ணி? எங்க? எப்ப? எதை அளக்கப் போறீங்க?’ என்று கேட்டுக் கேட்டுச் சுருக்க வைப்பார்கள். கடைசியில், ‘நம்ம பள்ளிக்கூடத்துக் குழாயில் காலையில் வரும் தண்ணிக்கும் மத்தியானம் வரும் தண்ணிக்கும் உப்பில் வித்தியாசம் இருக்கா?’ என்பதில் வந்து நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளையால் பதில் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்குக் கேள்வியைச் சுருக்குவது ஒரு தனிக் கைவேலை. அது கைவர எனக்குச் சில வருடங்கள் ஆயின.

2014, 2015 இரண்டு ஆண்டுகளும் மாநாட்டின் மையக் கருப்பொருள், வானிலையையும் காலநிலையையும் புரிந்துகொள்வது. எங்கள் ஊர் மானாவாரி ஊர் இல்லை, ஆற்றுப் பாசன ஊரும் இல்லை, கண்மாய் ஊர். வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் கண்மாய் நிறையும், நிறைந்தால்தான் நெல். அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த கேள்வி இது: ஒரு நாளைக்கு வெயிலும் காற்றும் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கின்றன?

200 லிட்டர் நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி வாங்கினோம். உள்பக்கம் ஓர் ஆணியை வளைத்து, அதன் முனை மேல்நோக்கி இருக்கும்படி பொருத்தினோம். ஆணி முனை மட்டத்துக்குத் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் திரும்ப அந்த மட்டத்துக்கு வர எத்தனை மில்லிலிட்டர் தேவைப்படுகிறது என்று அளவு ஜாடியால் அளந்து ஊற்ற வேண்டும். டிரம்மின் விட்டம் 58 செ.மீ. வட்டத்தின் பரப்பைக் கண்டுபிடித்தால், ஒரு மில்லிமீட்டர் மட்டம் குறைந்தால் ஏறத்தாழ 264 மில்லிலிட்டர் ஆவியாகியிருக்கிறது என்று வரும். நல்ல வெயில் நாளில் ஒன்றேகால் லிட்டருக்குமேல் ஊற்ற வேண்டியிருந்தது. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஒரு நாள் திடீரென்று கணக்கு எங்கேயோ போனது. மைதானத்துக்குள் நுழைந்த ஆடு ஒன்று குடித்துவிட்டுப் போயிருந்தது. பிள்ளைகளே கம்பி வலை வாங்கி மூடினார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆவியாதல் அளவிக் கலத்துக்கும் கம்பி வலை மூடி உண்டு என்பதை அதன் படத்தில் பிறகு பார்த்தபோது, “நம்ம செஞ்சதத்தான் அவங்களும் செஞ்சிருக்காங்க டீச்சர்” என்று அவர்களுக்கு வந்த பூரிப்பு கொஞ்சநஞ்சமில்லை.

“ராத்திரியில ஆவியாகாதுல்ல டீச்சர்? வெயில்தான் இல்லையே?” என்று ஒரு பையன் கேட்டான். பாடப் புத்தகத்தை வைத்து ஒரு பதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “அளந்து பார்ப்போம்” என்றுதான். பள்ளிக்கு அடுத்த வீட்டுப் பெண் மாலை ஆறுக்கும் காலை ஆறுக்கும் அளக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். இரவிலும் குறைந்தது. ஆடிக் காற்று அடித்த ராத்திரிகளில் நான் நினைத்தே பார்க்காத அளவுக்குக் குறைந்தது. காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகிறது என்று பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அந்த எண்களை அந்தப் பெண்ணின் நோட்டில் பார்த்தபோதுதான் எனக்கே அது நம்பும்படியான உண்மையானது. பதில் தெரியாத கேள்வியோடு வகுப்புக்குள் நிற்க முடியும், நின்றால் பிள்ளைகள் இன்னும் நெருங்கி வருவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மாநாட்டில் எங்கள் பிள்ளைகள் மாவட்ட அளவோடு திரும்பினார்கள். வழக்கமாக அத்தோடு டிரம்மைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். ஆனால் அந்த வருடம் கார்த்திகையில் மழை பிடித்துக் கண்மாய் நிரம்பியது. “டிரம்முல அளந்தோமே, கண்மாய்லயும் அளக்கலாமா டீச்சர்?” என்று அவர்களே வந்து கேட்டார்கள். பரிசும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்த இந்தக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான தொடக்கம்.

எங்களுடையது 40 ஹெக்டேருக்கும் குறைவான ஆயக்கட்டு உள்ள ஒன்றியக் கண்மாய். ஊராட்சித் தலைவரிடம் சொல்லி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, கரையை விட்டு எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். இதை இளைய ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்வேன். நீர்நிலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பெரியவர்கள் குறைந்தது இருவர் கூட இருக்க வேண்டும். அதில் சமரசமே கூடாது.

சென்டிமீட்டர் குறித்த சவுக்குக் கம்பு ஒன்றை, மடையைத் திறந்து அடைக்கும் ஊர் நீர்ப்பாய்ச்சி தண்ணீரில் இறங்கி நட்டுத் தந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கரையிலிருந்தே பார்த்துக் குறித்தோம். சில வாரங்கள் ஒழுங்காக இறங்கிய மட்டம், ஒரு வெள்ளிக்கிழமை ஏறியிருந்தது. இடையில் மழை இல்லை. வகுப்பே இரண்டுபட்டது. மேலக் கண்மாய் கலுங்கு பாய்ந்து நமக்குத் தண்ணீர் வந்திருக்கும் என்றது ஒரு கட்சி. இரண்டு பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவரோடு போய்ப் பார்த்தார்கள், கலுங்கு பாயவில்லை. போன வாரம் குறித்தவன் தப்பாகக் குறித்தான் என்றது இன்னொரு கட்சி. அவன் அழாத குறை. கடைசியில் நீர்ப்பாய்ச்சிதான் சொன்னார்: “களிமண்ணுய்யா. கம்பு உள்ள எறங்கிருக்கும். எங்க அப்பாரு காலத்துல மடைக் கல்லுலதான் மட்டம் பாப்பாக. அது எங்கயும் எறங்காது.” கம்பை ஆட்டிப் பார்த்தார். அவர் சொன்னபடியே ஒரு சாணுக்குக் குறையாமல் இறங்கியிருந்தது. மடையின் இரண்டு கல்தூண்களில் ஒன்றில், வெள்ளை எனாமல் பெயிண்டால் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அவரே கோடு போட்டுக் கொடுத்தார். தண்ணீர் இறங்க இறங்கக் கீழ்க் கோடுகளையும் போட்டார்.

மடை சாத்தியிருந்த ஒரு வாரத்தில் கண்மாய் 4 சென்டிமீட்டர் இறங்கியது. அந்த வாரம் டிரம்மில் மூன்றரை. டிரம் பக்கவாட்டிலும் சூடேறுவதால் அதில் ஆவியாவது கண்மாயைவிடக் கூடுதல். அதனால் இப்படிப்பட்ட கல அளவை 0.7 ஆல் பெருக்கி நீர்நிலைக்குக் கணக்கிடுவது வழக்கம். பெருக்கினால் இரண்டரை வரும். மீதி ஒன்றரை சென்டிமீட்டர் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மடை திறந்த வாரத்தில் 11 சென்டிமீட்டர் இறங்கியது. “இந்தக் கணக்குல தண்ணி அறுப்பு வரைக்கும் தாங்குமா?” என்று நீர்ப்பாய்ச்சி பிள்ளைகளிடமே கேட்டார். வயதில் பெரியவர் ஒருவர், தம் சொல்லைக் கேட்டுப் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்குப் பொறுப்பானவர், எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிறார். பிள்ளைகளால் அந்த வருடம் பதில் சொல்ல முடியவில்லை. தண்ணீர் குறையக் குறையக் கண்மாயின் பரப்பும் சுருங்கும். அதன் வடிவம் தெரியாமல் நாளைக் கணக்கிட முடியாது. அந்தக் கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடுத்த எட்டாம் வகுப்புக்கு விட்டுப்போனார்கள். அடுத்து வந்த அந்தப் பிள்ளைகள் கோடையில் வறண்ட கண்மாயைக் கயிறு பிடித்து அளந்தார்கள்.

எங்கள் கணக்கு சார் ஆரம்பத்தில் இதற்கு ஆதரவாக இல்லை. “போர்ஷன் முடிக்கணும் டீச்சர். கண்மாய் எங்கயும் ஓடிடாது” என்பார். அவர் கவலை நியாயமானது. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது எத்தனை பாடம் முடிந்தது என்றுதான். அவரை நான் ஒருபோதும் வாதாடி மாற்ற முயலவில்லை. ஒரு நாள், தன் வகுப்பில் பென்சிலைத் தொடாத ஒரு பையன் மடைக்கல் அளவுகளை வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, “இந்த இடத்துல கோடு செங்குத்தா விழுதுல்ல சார், அன்னைக்குத்தான் மடை தெறந்தாங்க” என்று அவரிடமே விளக்குவதைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வட்டத்தின் பரப்பளவு பாடத்தை டிரம்முக்குப் பக்கத்தில் நின்று நடத்தினார். அதற்கடுத்த வருடம் வெள்ளிக்கிழமை அளவு எடுக்க என்னோடு வந்த இரண்டாவது பெரியவர் அவர்தான்.

தாமஸ் கஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இல் எழுதிய கட்டுரையின் சாரத்தைப் பிற்பாடு படித்தேன். பயிற்சியில் முதலில் ஆசிரியரின் எண்ணத்தை மாற்றிவிட்டால் வகுப்பறை மாறும் என்று நினைக்கிறோம், நடப்பது வேறு என்கிறார் அவர். ஆசிரியர் முதலில் ஒன்றைச் செய்து பார்க்கிறார், பிள்ளைகளிடம் பலனைக் காண்கிறார், நம்பிக்கை அதற்குப் பிறகுதான் மாறுகிறது. படித்தவுடன் கணக்கு சாரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மாநிலத்தில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டார வள மையத்துக்குச் சொல்லி, அங்கிருந்து குறுவள மையத்துக்கு வந்து சேரும் நம் பயிற்சி முறையில், இறங்கி வருவது சொற்கள் மட்டுமே. நோட்டில் உள்ள எண்களும் பிள்ளையின் முகமும் அப்படி இறங்கி வருவதில்லை.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளில் வளர்ந்த அட்டை முறையை அடிப்படையாகக் கொண்டு, 2007-08-இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ரிஷி பள்ளத்தாக்குக்கே நேரில் போய்ப் பார்த்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்ற ஆசிரியர்கள் உருகி உருகிப் பேசினார்கள். சுற்றறிக்கை வழியாகப் பெற்றவர்களுக்கு அது அட்டைகளும் ஏணிப்படியும் நிரப்ப வேண்டிய பதிவேடுமாகப் போனது. ஆனாலும் அது நமக்கு ஒரு பெரிய நன்மை செய்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இன்றைக்கும் அப்படித்தான் உட்காருகிறார்.

மாற்றம் நின்று நிலைப்பதற்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், மத்தியப் பிரதேசத்தின் அன்றைய ஹோஷங்காபாத்தைச் சொல்வேன். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதியும் நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து தொடங்கிய அறிவியல் திட்டம், பிறகு ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் வளர்ந்தது. கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் ஆசிரியர்கள் கூடிப் பாடப் புத்தகத்தின் பரிசோதனைகளைத் தாங்களே செய்தார்கள். மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேர்வையே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம்; செய்முறையும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை என்றானதும், பரிசோதனையைத் தவிர்க்க ஆசிரியருக்கும் காரணம் இல்லாமல் போனது. முப்பது வருடம் நடந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியிருந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. படிக்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். அத்தனை ஆசிரியர்கள் சேர்ந்து கட்டியதை ஓர் உத்தரவால் நிறுத்த முடிந்திருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் நாங்கள் செய்தது மிகச் சிறியது. அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் சிலர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவரின் பள்ளியில் கூடினோம். வருகிறவர் ஒரு பிள்ளையின் குறிப்பு நோட்டைக் கொண்டுவர வேண்டும். அதைச் சத்தமாக வாசிப்போம். நான் இப்படிச் செய்தேன், அப்படிச் செய்தேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி மட்டும்தான் பேச்சு. குழுவில் ஒருவன் வேலை செய்கிறான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற தீராத சிக்கலுக்கு அந்தக் கூட்டத்தில்தான் வழி பிறந்தது. குழுவின் சார்ட்டை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே காட்டி, இதில் ஒரு எண்ணைக் காட்டு, அது எப்படி வந்தது சொல்லு என்று ஓர் ஆசிரியை கேட்டுப் பார்த்திருந்தார். மதிப்பெண் அந்தப் பதிலுக்குத்தான். அடுத்த மாதமே நாங்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். தலைமையாசிரியர்களிடம் நாங்கள் கெஞ்சிக் கேட்டது ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு நாள் இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுங்கள். நாற்பது நிமிடத்தில் கண்மாய்க்குப் போய்த் திரும்ப முடியாது.

2022 கடைசியில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு வானவில் மன்றம் வந்தது. பரிசோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் பள்ளிக்கே வருகிறார்கள். பிள்ளைகள் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் போன மறுநாள் ஆசிரியர் அந்தப் பரிசோதனையிலிருந்து எந்தக் கேள்வியை எடுத்துப் பிடிக்கிறார் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. அதைப் பேசவும் ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை வேண்டும்.

பொது மாறுதல் கலந்தாய்வு என்பது எங்கள் தொழிலின் நிரந்தரக் கவலை. கணக்கு சார் மாறுதலாகிப் போனார். சில வருடம் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்த இளம் ஆசிரியை அலமாரியில் இருந்த கண்மாய் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். “டீச்சர், இதை அப்படியே தொடரணுமா? எனக்குக் கண்மாய் பத்தி ஒண்ணும் தெரியாதே, நான் டவுன்ல வளந்தவ” என்றார். தொடர வேண்டிய கட்டாயமே இல்லை என்று சொன்னேன். பிள்ளைகளோடு ஊரைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள், உங்களுக்கே பதில் தெரியாத ஒன்று கண்ணில் படும், அதை எடுத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நோட்டோடு வாருங்கள் என்றேன்.

சத்துணவுக் கூடத்தில் ஒரே பருப்பு ஒரு நாள் சீக்கிரம் வேகிறது, ஒரு நாள் வேகவே மாட்டேன் என்கிறது என்று சமையலர் அக்கா சொன்னதை அவருடைய ஏழாம் வகுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. போர் தண்ணீர், குடிநீர்க் குழாய்த் தண்ணீர், மழைநீர் மூன்றிலும் அதே அளவு பருப்பை வேகவைத்து நேரம் குறிக்கிறார்கள். போன கூட்டத்தில் அந்த நோட்டைத்தான் வாசித்தோம். மூன்று தடவையும் விறகு ஒரே அளவுதானா, தீ ஒரே மாதிரி எரிந்ததா என்பது அதில் எழுதப்படவில்லையே என்று கணக்கு சார் கேட்டார். புதிய பள்ளியிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தார். அந்த ஆசிரியை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எனக்குத் தெரியல சார், திங்கக்கிழமை பிள்ளைங்ககிட்ட கேக்கறேன்” என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.